வெள்ளோட்ட நேரங்களும் பொய்த்த தீர்ப்புகளும்

மணிக்கூடு பொய் சொல்வதில்லை என்பர். மோட்டார்ப் பந்தயப் பருவம் தொடங்குமுன் நடைபெறும் வெள்ளோட்டங்களைப் பற்றி எழுதுவோருட் பலர், இந்த ஒரு வாக்கியத்தை நம்பியே ஆண்டுதோறும் தீர்ப்பு வழங்கி வருகின்றனர். நாள் முடிவில் வெளியாகும் நேரப் பட்டியலில் எவர் பெயர் முதலில் நிற்கிறதோ அவரே வரப்போகும் வெற்றியாளர் என்பது அவர்தம் துணிபு. மணிக்கூடு பொய் சொல்வதில்லைதான். ஆயின், அது எதனை அளக்கிறது என்று இவர்கள் வினவுவதேயில்லை.

2019ஆம் ஆண்டை நோக்குக. போர்முலா வன் வெள்ளோட்டம் அவ்வாண்டு பார்சலோனாத் தடத்தில் எட்டு நாட்கள் நடைபெற்றது. இறுதி நாளான மார்ச் 1ஆந் திகதி, பெராரி அணியின் செபஸ்ரியன் வெற்றல் ஒரு சுற்றை 1 நிமிடம் 16.221 செக்கனில் முடித்தார். மேர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹமில்ரனுக்கு 1 நிமிடம் 16.224 செக்கன் பிடித்தது. வேறுபாடு ஒரு செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்கு. இவ்வாண்டு பெராரியின் ஆண்டே என முரசறையப்பட்டது. பெராரி அரைச் செக்கன் அளவு முந்தி நிற்கக்கூடும் என ஹமில்ரனே கூறினார். போட்டியாளர் தரும் நற்சான்றை ஐயுறவேண்டும் என்ற சாதாரண அறிவும் அன்று பலருக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆயிரத்தில் மூன்று பங்கின் பெறுமதி யாது? 2019இன் விதிப்படி ஒரு கார் பந்தயத்தில் 110 கிலோகிராம் வரை எரிபொருள் பயன்படுத்தலாம் என்றிருந்தது. 10 கிலோகிராம் கூடினால் சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் இழப்பு. எனவே நிறைந்த தாங்கிக்கும் வெறுமையான தாங்கிக்கும் இடையே மூன்று செக்கன் மறைந்து கிடக்கின்றது. வெள்ளோட்டத்தில் எவர் எவ்வளவு எரிபொருளுடன் ஓடினார் என்பதை அணிக்கு வெளியே உள்ளோர் அறியார். இயந்திரத்தின் முழு வலுவும் பயன்படுத்தப்பட்டதா என்பதும் அவ்வாறே. கொண்டாடப்பட்ட அவ்வேறுபாடு 100 கிராம் எரிபொருளின் விளைவுக்குச் சமம்! வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதியோரின் புள்ளிகளை ஒரே நிரலில் எழுதி முதல் மாணவனைத் தெரிவு செய்வது போன்றதே இது.

ரயர்களின் கதை இன்னும் சிக்கலானது. பிரெலி நிறுவனம் அவ்வாண்டு முதல் தன் உலர்தட ரயர்களைச் சி1 தொடக்கம் சி5 வரை வகைப்படுத்தியது. சி1 மிகக் கடினமானது. சி5 மிக மென்மையானது. மென்மையானது தடத்தை நன்கு பற்றும், விரைவில் தேயும். மாசிக் குளிரில் இறப்பர் உரிய வெப்பத்தை எட்டாதவிடத்து, அதன் மேற்பரப்பு உரிந்து மணிமணியாகத் திரளும். ஆகவே குளிர்காலத்துச் சுற்று நேரம் கோடையைப் பற்றிப் பேசத் தகுதியற்றது. வெற்றலும் ஹமில்ரனும் அந்த நேரங்களைப் பெற்றது சி5 ரயரில். பத்து வாரங்களின் பின், மே 11ஆந் திகதி, அதே தடத்தில் ஸ்பெயின் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று நடைபெற்றது. அங்கு கிடைத்தவற்றுள் மிக மென்மையானது சி3. அதனைக் கொண்டே மேர்சிடிஸின் வல்ரெறி பொட்டாஸ் 1 நிமிடம் 15.406 செக்கனில் சுற்றை முடித்தார். வெற்றல் அவருக்கு 0.866 செக்கன் பின்தங்கினார். இதற்கு முன்னரே, மார்ச் மாத அவுஸ்திரேலியப் பந்தயத்தில் வெற்றல் நான்காமிடமே பெற்றிருந்தார்; வென்ற பொட்டாஸுக்கும் அவருக்கும் இடையே 57 செக்கன்.

இடையில் மேர்சிடிஸ் தன் காரைத் திருத்தியது என்பர் சிலர். மெய்தான். பெரிய திருத்தங்கள் வெள்ளோட்டத்தின் இரண்டாம் வாரத்திலேயே காருக்கு வந்துவிட்டன. நேரப் பட்டியல் அவற்றையும் காட்டவில்லை.

இதனைக் கண்டு சலித்தோர், வெள்ளோட்டம் முற்றிலும் பயனற்றது என்கின்றனர். இதுவும் சோம்பலின் மற்றொரு வடிவமே. படிக்கவேண்டியது ஒற்றைச் சுற்றன்று. இடைவிடாது ஓடும் பதினைந்து, இருபது சுற்றுகளின் வரிசை. எரிபொருள் எரிய எரியக் கார் இலகுவாகும்; சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 0.05 செக்கன் விரைவுபெற வேண்டும். நேரங்கள் மாறாது நின்றால், அந்த இலாபம் முழுவதையும் ரயர் தின்றுவிட்டது என்பது பொருள். நேரங்கள் ஏறிச் சென்றால் ரயர் சாகின்றது. ஒரே வகை ரயரில், ஒரே பொழுதில் ஓடிய இரு வரிசைகளை அருகருகே வைத்து நோக்குவோர்க்கு உண்மையின் ஒரு பகுதியேனும் புலப்படும். இதற்குப் பொறுமை வேண்டும். தலைப்புச் செய்தியும் கிட்டாது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளைந்த குழப்பம் சிறிதன்று. 2001இல் புறோஸ்ற் அணி வெள்ளோட்டங்களில் வியக்கத்தக்க நேரங்களைப் பதித்தது. பருவம் முழுவதிலும் அது பெற்றவை 4 புள்ளிகள். 2002 ஜனவரியில் அணியே கலைந்தது. பண உதவி வேண்டிய அணி எடை குறைந்த காரை ஓட்டிக் கண்களைக் கவரும் என்னும் ஐயம் அதன்பின் பலரிடம் வேரூன்றியது. 2008 டிசம்பரில் ஹொண்டா விலகிய பின் எஞ்சிய அணி, 2009 மார்ச்சில் பிறோன் என்னும் புதுப்பெயருடன் பார்சலோனாவில் எல்லோரையும் முந்தியபோது, அந்த ஐயம் அதன்மீதும் வீசப்பட்டது. விளம்பரமே அற்ற வெண்ணிறக் கார் அது, ஐயுறுவது எளிதாயிற்று. மார்ச் 29ஆந் திகதி மெல்பேர்ணில் ஜென்சன் பட்டன் முதலாமிடத்தையும் அவ்வணியின் மற்றைச் சாரதி இரண்டாமிடத்தையும் பெற்றனர்.