ஆபீஸுக்குப் பந்தயக் காரா?

சென்ற வாரம் வந்த தபாலில் ஒரு கடிதம் நம் ஆபீஸில் சின்னக் கலகத்தையே உண்டாக்கிவிட்டது. எழுதியிருப்பவர் அடையாற்றில் வசிக்கும் ஒரு சகோதரி. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். வயது 48. மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் கணவர், 76 வயது மாமியார், பத்து வருஷமாக முகம் கோணாமல் உழைத்திருக்கும் ஒரு நாலு கதவுக் கார். அந்தக் காரைக் கொடுத்துவிட்டு, இரண்டு கதவுள்ள ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி, தினமும் அதிலேயே ஆபீஸுக்குப் போய் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“என் கணவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை. நான் நினைப்பது பைத்தியக்காரத்தனமா?” என்று கேட்டிருக்கிறார்.

‘உன் இஷ்டம்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு எத்தனை அர்த்தம் உண்டென்று கல்யாணமானவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடிதத்தைப் படித்ததும் எங்களில் ஒருவர், “இந்த வயசில் இது எதற்கு?” என்றார். இதே வயதுள்ள ஓர் ஆண்பிள்ளை இதே காரை வாங்கினால், “மனுஷன் ரசிகர்” என்று சொல்லியிருப்பார். பெண்பிள்ளை வாங்கினால் மட்டும் அது ஜம்பம் ஆகிவிடுகிறது! இருபத்தைந்து வருஷம் உழைத்துச் சம்பாதித்தவருக்கு ஓர் ஆசை இருக்கக்கூடாதா? ஆகையால், ஆசை சரியா தப்பா என்ற விசாரணையே வேண்டாம். அந்தக் காருக்கும் அந்தச் சகோதரியின் அன்றாட வாழ்க்கைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். ஜாதகம் பார்ப்பது போலத்தான்!

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி ஓட்டுவது உலகத்தில் இல்லாத புதுமை அல்ல. போர்ஷே கம்பெனியார் 1963-ஆம் வருஷம் பிராங்க்பர்ட் கண்காட்சியில் ஒரு காரை வைத்தார்கள். அதற்கு முதலில் இட்ட பெயர் 901. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்க எண் எங்களுடையது என்று பிரெஞ்சு தேசத்துப் பேஷோ கம்பெனியார் ஆட்சேபித்தார்கள். அதனால் 1964-ல் பெயர் 911 ஆயிற்று. எஞ்சின் பின்பக்கம், பெட்டி வைக்கும் இடம் முன்பக்கம், பின்னால் குழந்தைகள் உட்காரும் அளவில் இரண்டு குட்டி ஸீட்டுகள். அதை ஆபீஸுக்கும் கடைக்கும் ஓட்டிப் போகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் 1990-ல் அலுமினிய உடம்புடன் என்.எஸ்.எக்ஸ். என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும், தினமும் சிரமமில்லாமல் ஓட்டக்கூடிய பந்தய ஜாதிக் கார் என்பதே அவர்களுடைய பெருமை. ஆக, கார் தயாராகத்தான் இருக்கிறது. ரோடு தயாரா என்பதுதான் கேள்வி.

அடையாற்றிலிருந்து சோழிங்கநல்லூர் வரை காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றி அறிவித்தார்கள். கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. நம் சகோதரி விரும்பும் கார், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைச் சுமார் நாலே வினாடியில் பிடித்துவிடும். அப்படியானால் 60-ஐப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தும்மல் போடும் நேரம்! அதற்கப்புறம் அந்த எஞ்சினுக்கு நாள் முழுவதும் வேலை இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு ஒரு காருக்குச் சுமார் பத்துக் குதிரைத் திறன் போதும். இந்தக் காரின் எஞ்சினிலோ கிட்டத்தட்ட 400 குதிரைகள் கட்டிக் கிடக்கின்றன. கல்யாணச் சமையல் அண்டாவை அடுப்பில் ஏற்றி, அதில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற மாதிரிதான்.

“இருக்கட்டுமே, குதிரைகள் சும்மா நின்றால் நமக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். நஷ்டம் குதிரையில் இல்லை. வேகத்துக்காகச் செய்த மற்ற ஏற்பாடுகளில் இருக்கிறது. அந்த ஏற்பாடுகள் நீங்கள் வேகமாகப் போனாலும் போகாவிட்டாலும் கூடவே வரும்.

வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்குகளை விறைப்பாக வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டுச் சுவர் குட்டையாக இருக்கிறது. ஆகவே, ரோட்டில் உள்ள குழியெல்லாம் முதுகெலும்புக்கு நேரே தந்தி அடிக்கும். பெரிய குழியாக இருந்தால் டயர் கிழிவதோடு, சக்கரத்தின் விளிம்பும் நசுங்கிவிடும். காரின் வயிறு தரைக்கு வெகு அருகில் இருக்கிறது. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் முறை வகுத்திருக்கிறது. நம் தெருக்களில் உள்ளவை அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டா எழும்பின? ஒரு விசையை அழுத்தினால் காரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு சில கார்களில் உண்டு. அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

மழைக்காலத்தை மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் சென்னைவாசிகள் லேசில் மறக்க மாட்டார்கள். தாழ்ந்த காருக்குள் தண்ணீர் சீக்கிரம் புகும். காற்று உறிஞ்சும் வழியாக எஞ்சினுக்குள் போய்விட்டால் எஞ்சினே போச்சு. சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்கு பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனிப் பிரிவு ஒன்றைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அல்ல, தாழ்வான பகுதியில் குடியிருக்கும் எல்லா வாசகிகளுக்கும் சொல்கிறோம்.

இனி, பண விஷயம்.

கார் விலை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி நூற்றுக்கு 20. ஆகவே வரி மட்டும் 20 லட்சம். அந்தப் பணத்துக்கே ஒரு நல்ல குடும்பக் கார் வந்துவிடும்! 50 லட்சம் கடன் வாங்கி, 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத்தில் அடைப்பதானால், மாதத் தவணை சுமார் 1,03,800 ரூபாய். வட்டியாகவே 12 லட்சத்துக்கு மேல் போய்விடும். கடைசித் தவணை கட்டும் சமயத்தில் காரின் மதிப்பு என்ன? இன்ஷூரன்ஸ்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில், நாலு வருஷம் தாண்டி ஐந்து வருஷத்துக்குட்பட்ட காருக்குப் பாதி விலைதான். இவற்றோடு உயர்ந்த ரகப் பெட்ரோல், சீக்கிரம் தேயும் அகலமான டயர்கள், வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. இத்தகைய கார்களில் முன் டயர் ஓர் அளவும் பின் டயர் ஓர் அளவுமாக இருப்பது சகஜம். அதனால் தேய்ந்ததை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டும் சிக்கனமெல்லாம் அங்கே நடக்காது.

பணம் இருக்கிறது, முதுகும் பலமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் ஒருவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாத அந்த மாமியாரைத்தான் சொல்கிறோம்.

இப்போதுள்ள காரில் அவர் கோவிலுக்குப் போகிறார்; டாக்டரிடம் போகிறார்; கல்யாணங்களுக்குப் போகிறார். கதவைத் திறந்தால் ஸீட்டு நாற்காலி உயரத்தில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் ஸீட்டு மணைப்பலகை உயரத்தில் இருக்கிறது. முட்டி வலி உள்ள 76 வயதுக்காரர், புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கி உட்காருவதே கஷ்டம். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். முன்ஸீட்டில் அவர் உட்கார்ந்தால் கணவர் எங்கே உட்காருவார்? பின்னால் உள்ள குட்டி ஸீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க! அந்த அம்மாள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மருமகள் முகத்தில் உள்ள சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் சும்மா இருக்கிறார் போலும். கார் வந்த பிறகு, “இன்றைக்குக் கோவிலுக்கு வேண்டாம் அம்மா, கால் வலிக்கிறது” என்று சொல்ல ஆரம்பிப்பார். பிறகு அதுவே பழக்கமாகிவிடும். அவர் வெளியே போவது நின்றுபோனதற்குக் கார் காரணம் என்று வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இந்த விலை எந்த ரசீதிலும் எழுதியிருக்காது, சகோதரி.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். வீட்டுக்கு ஒரே கார் என்றால் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம். பழைய கார் வீட்டிலேயே இருந்து, நிறுத்த இடமும் இருந்து, கடனில்லாமல் வாங்க முடியுமானால், தாராளமாக வாங்குங்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் வாங்காதீர்கள். உங்கள் உழைப்பு, உங்கள் ஆசை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. நாலு கதவுடன், பெரியவர்கள் ஏறி இறங்கும்படியாகவும், எஞ்சின் மட்டும் பந்தய ஜாதியாகவும் உள்ள கார்கள் வந்திருக்கின்றன. செங்கல்பட்டுக்கு அருகே பி.எம்.டபிள்யூ. கம்பெனியாரின் தொழிற்சாலை 2007 முதல் நடக்கிறது. எம்340ஐ என்ற காரை 2021-ல் அங்கே பூட்ட ஆரம்பித்தார்கள். பார்வைக்கு ஆபீஸர் கார். 100 கிலோமீட்டரைப் பிடிக்க 4.4 வினாடி! பூனை மாதிரி இருந்து புலி மாதிரி பாயும். விலை இதுவும் லேசு அல்ல. குழிகளைக் கண்டால் இதுவும் முனகத்தான் முனகும். ஆனால் மாமியார் கோவிலுக்குப் போகலாம்.

வேகந்தான் ஆசை என்றால், அதற்கென்று இடம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலையே அமைத்தார்கள். அங்கே எதிரே மாட்டு வண்டியும் வராது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கே ஓடமாட்டார்கள். ரோட்டில் அப்படி இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து நிற்பதற்குள் சுமார் 36 மீட்டர் போய்விடும். 120-ல் போனால் 110 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு பங்கு, தூரம் மூன்று பங்கு! எவ்வளவு உயர்ந்த காரானாலும் இந்தக் கணக்கில் பெரிய சலுகை கிடையாது.

கடைசியாக ஒரு யோசனை. விற்பனைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான ரோட்டில் ஓட்டிக் காட்டுவார். அதில் மயங்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் காரைக் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றுங்கள். ஆபீஸ் அடித்தளத்தில் இறக்கிப் பாருங்கள். திரும்பி வந்ததும் மாமியாரை ஒரு தடவை உட்கார வைத்துக் கோவில் வரை அழைத்துப் போங்கள். அவர் வாய் திறந்து சொல்லாததை, இறங்கும்போது அவர் முட்டி சொல்லிவிடும்.

கணவரிடமும், “என் இஷ்டம் இருக்கட்டும், உங்கள் இஷ்டம் என்ன?” என்று கேட்டுவிடுங்கள். நிஜமான பதில் வரும் வரையில் செக்கில் கையெழுத்துப் போட வேண்டாம்.