கிணற்றில் இட்டதைக் கணினியில் தேடுவதா?

"பெயரைத் தட்டினால் போதும், பரம்பரையே வந்து நிற்கும்" என்கின்றனர் நம் இளைஞர்கள். "தேடிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. எழுதி வைத்த வரலாறு நமக்கு ஏது?" என்கின்றனர் பெரியவர் சிலர். இரு கூற்றையும் நாம் மறுக்கின்றோம். எவரோ தேடிச் சேர்த்து, பட்டியலிட்டு, ஏற்றி வைத்ததைத் தவிர வேறெதையும் இணைய நூலகம் தராது. இதனை மறந்ததால்தான் ஒரு சாரார் பேராசை கொள்கின்றனர்; மறுசாரார் நம்பிக்கை இழக்கின்றனர்.

இணைய நூலகங்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவற்றின் தொண்டு பெரிது. மகதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை நடத்திய 'சிங்கை நேசன்' இதழை, அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் இன்று வீட்டிலிருந்தே வாசிக்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசியாவிலிருந்து சென்ற கடிதங்களும் அறிக்கைகளும் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்கள். அப்பழங்கையெழுத்தை இயந்திரத்தின் துணையால் படித்து, சொல் சொல்லாகத் தேடும்படி நெதர்லாந்து ஆய்வாளர் ஆக்கியுள்ளனர். நம் கடற்கரையின் முத்தும் துணியும் கப்பல் வணிகமும் அக்கடிதங்களில் பேசப்படுகின்றன.

ஆயினும், எந்தப் பெயரால் தேடுகின்றோம்? 'மரைக்காயர்' எனும் ஒரு பெயரே இலங்கையில் மரிக்கார் என்றும் பினாங்கில் மெரிக்கன் என்றும் வழங்குகின்றது. 1801ஆம் ஆண்டில் தொடங்கிய பினாங்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு பெயர் இணைந்த காதர் முகைதீன் அவர்களை ஆங்கில ஏடுகள் 'காவ்டர் மொகுதீன்' என்று எழுதின. எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்ததே எழுத்தாயிற்று. இன்றைய எழுத்துக்கூட்டல் ஒன்றை மட்டும் இட்டுத் தேடி, 'இல்லை' என்று விடை வந்ததும் எழுந்து செல்பவர், தேடியவர் ஆகார்.

மேலும், குடிவழித் தளங்கள் குடும்பப்பெயரைக் கேட்கின்றன. நமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்து. தலைமுறைதோறும் அது மாறும். பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் குடிவழி ஆய்வாளர் முதலில் நாடுவது ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் பற்றிய கிறித்தவத் திருச்சபைப் பதிவுகளை. அவற்றில் நம் பாட்டனார் இல்லாதது வியப்பா?

கிடைத்ததைக் கையாள்வதிலும் நம்மிடம் பிழை உண்டு. மீஸான் கல்லில் ஹிஜ்ரி 1300 என்றிருந்தால், 622ஐக் கூட்டி 1922 என எழுதிவிடுகின்றனர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பரில். நாற்பது ஆண்டுப் பிழையில் பாட்டனார் பேரனாகி விடுகின்றார்!

இதனினும் கொடியது, குடும்ப மலர்களில் அச்சேறும் வமிசாவளிகள். அரபகத்துப் பெருமகனார் ஒருவரில் தொடங்கி நேற்றுப் பிறந்த குழந்தை வரை இடைவெளியின்றி இறங்கி வருகின்றன. ஆதாரம் என்னவென்று கேட்டால், ஒரு தளத்தைக் காட்டுவர். அத்தளத்தில் ஏற்றியவர் யாரென்று கேட்டால், மற்றொரு தளத்தைக் காட்டுவர். இதுவா நம் மரபு? ஒரு நபிமொழியை ஏற்குமுன், அதனை யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, சொன்னவர் நம்பத்தக்கவரா என்று ஆளுக்கு ஆள் ஆராய்ந்த சமுதாயம் நாம். இஸ்னாதைக் கற்றுத் தந்தவர்களின் வழிவந்தோர், தம் குடும்ப வரலாற்றுக்குச் சான்று கேட்க நாணுவதேன்?

ஆனால், நம் பெருங்குற்றம் கணினியில் இல்லை, வீட்டில் இருக்கின்றது. சிதைந்த முஸ்ஹபு ஏடுகள் காலில் மிதிபடலாகாதென்று அவற்றை நீரில் விடுவதும் மண்ணில் புதைப்பதும் மரியாதையில் பிறந்த வழக்கம். அதனை நாம் குறை கூறோம். அரபெழுத்தில் இருப்பதெல்லாம் திருமறையே என்று எண்ணி, பாட்டிமார் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களையும், கடைக் கணக்குகளையும், மஹர் விவரம் எழுதிய தாள்களையும் சேர்த்தே கிணற்றில் இடுகின்றோமே, அதனையே கண்டிக்கின்றோம். தமிழெழுத்து அறியாத எத்தனையோ பெண்கள் அரபுத்தமிழில் படித்தனர், எழுதினர். அவர்களின் கையெழுத்தை நாமே நீரில் கரைத்துவிட்டு, இலண்டனில் இருக்கின்றதா என்று கணினியில் தேடுகின்றோம்!

இலண்டனில் இருந்தாலும் என்றும் கிட்டுமென்பது உறுதியன்று. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் பட்டியலே சில மாதங்கள் முடங்கிக் கிடந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. காகிதமும் அழியும், கணினியும் முடங்கும். ஓரிடத்தில் மட்டும் இருப்பது, இல்லாமற் போகக் காத்திருப்பதே.

ஆகவே, நம் குடும்பங்களை நாம் வேண்டுவது இது. கணினியைத் திறக்குமுன் அலமாரியைத் திறவுங்கள். அரபெழுத்துத் தாள் எதனையும், ஓதத் தெரிந்த ஒருவர் வாசித்துப் பொருள் சொல்லும் வரை அப்புறப்படுத்தாதீர்கள். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடுகளை ஜமாஅத்தார் படமெடுத்து, ஒரு படியைத் தம்மிடமும் மற்றொரு படியை நூலகம் ஒன்றிலும் வைக்கட்டும். மையவாடியின் மீஸான் கற்களை, எழுத்து தேயுமுன் படித்தெழுதுங்கள். முதியோர் சொல்வதைச் சொன்னவர் பெயரோடும் நாளோடும் குறியுங்கள். அதன் பிறகு இணைய நூலகத்துக்குச் செல்லுங்கள். ஒரு பெயரைப் பத்து வடிவில் எழுதித் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொரு வரிக்கும் தளம், ஏடு, பக்கம், நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தெரியாத தலைமுறையை வெற்றிடமாகவே விடுங்கள். வெற்றிடம் இழிவன்று, பொய்யே இழிவு.

நாளை நம் பேரப்பிள்ளைகளும் தேடுவர். அவர்களுக்கும் 'இல்லை' என்ற விடையே வருமாயின், அதற்குக் காரணம் நூலகமாக இராது, நாமாகவே இருப்போம்.