விபத்து என்று எழுதிவிட்டால் விசாரணை முடிந்துவிடுமா?

நீரில் மூழ்கிய வாகனமொன்றைக் கரைக்கு இழுத்தெடுக்கும்போது, அங்கு கூடிநிற்கும் சனம் இரண்டாகப் பிரிந்துவிடுவது வழமை. ஒரு சாரார், "பாவம், விபத்து" என்பர். மறுசாராரோ, "இல்லை, இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள்" என்பர். உடலைச் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும் முன்னரே இரு தரப்பும் தீர்ப்பு எழுதி முடித்துவிடும். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில், இவ்விரு தீர்ப்புகளும் தலைப்புச் செய்தியாவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பதுடன், மூன்றாவதாக ஒரு கேள்வியை இரண்டுமே மறைத்துவிடுகின்றன என்பதுதான் இங்கு நான் சொல்ல வருவது.

முதலில், கொலை என்று முடிவுகட்டிய ஒரு கதை. அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் 1971 மே மாதத்தில், பழைய ஸ்டூடிபேக்கர் காரொன்றில் விருந்துக்குப் புறப்பட்ட இரண்டு மாணவியர் காணாமற்போயினர். பல்லாண்டுகளுக்குப் பின்னர் அப்பகுதிக்காரர் ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. வேறொரு குற்றத்துக்காக அவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார். 2004இல் அவரது குடும்பப் பண்ணையைப் பொலிஸார் தோண்டிப் பார்த்தனர். 2007இல் அவர்மீது கொலைக் குற்றமே சுமத்தப்பட்டது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சக கைதி கொண்டுவந்த ஒலிப்பதிவு போலியானது என்று தெரியவந்ததும், 2008இல் வழக்குக் கைவிடப்பட்டது. 2013 செப்டம்பரில் ஓடையொன்றில் நீர்மட்டம் இறங்கியபோது அந்தக் கார் தானாகவே வெளியே தெரிந்தது. சாவி இயங்கு நிலையில் இருந்தது. கியர் மூன்றாவதில் இருந்தது. முன்விளக்குகளின் ஆளி போடப்பட்டிருந்தது. இரவில் ஓடிக்கொண்டிருந்த வாகனம் வழிதவறி நீருக்குள் பாய்ந்தது என்பதற்கு இவற்றைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2014இல் அதிகாரிகள் அதனை விபத்து என்றே அறிவித்தனர். நாற்பது வருடத்துக்கு மேலாக ஊர் சுமந்த கொலைக்கதை அத்துடன் முடிந்தது.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. அதில் நீர் இல்லை, நெருப்பு இருந்தது. 2012 மே 17ஆம் திகதி, கொழும்பு நாரஹேன்பிட்டியில் எரிந்த காரொன்றுக்குள் றக்பி வீரர் வசீம் தாஜுதீனின் உடல் காணப்பட்டது. வேகமாக வந்து மதிலில் மோதிய விபத்து என்று பொலிஸ் தரப்பில் சொல்லப்பட்டது. மூன்று வருடங்களின் பின்னர், 2015 ஓகஸ்டில், தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸா தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. முதற் பரிசோதனையின்போது எடுக்கப்பட்ட உடற்பாகங்கள் சில காணாமற்போயிருந்ததும் அப்போது வெளிவந்தது. 2016 பெப்ரவரியில் கொழும்பு மேலதிக நீதவான் இதனைக் கொலை என்று தீர்மானித்தார். கொலையாளி யார் என்ற தீர்ப்புத்தான் இன்னும் வந்து சேரவில்லை. முதல் நாளில் விபத்து என்று சொல்லிவிட்டதால் இழந்த காலத்தையும் தடயங்களையும் இனி யாராலும் மீட்டுத் தர முடியாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. வாகனத்திடமும் உடலிடமும் பொறுமையாகக் கேட்டால் அவை பதில் சொல்லும். கியர் எதில் இருந்தது, கண்ணாடி இறக்கப்பட்டிருந்ததா, ஆசனப்பட்டி பூட்டப்பட்டிருந்ததா, சாரதியின் இருக்கை அவரது உயரத்துக்கு ஏற்ற இடத்தில் இருந்ததா என்பனவெல்லாம் தடயங்கள். நீரில் கிடந்த உடல் உயிரோடு நீருக்குள் போனதா, உயிர் பிரிந்தபின் போடப்பட்டதா என்பதைச் சொல்வது சட்ட மருத்துவத்தில் மிகச் சிரமமான வேலைகளில் ஒன்று. சுவாசப்பையின் நிலை, மூக்கிலும் வாயிலும் காணப்படும் நுரை, எலும்பு மச்சைக்குள் புகுந்த நுண்பாசிகள் ஆகிய பலவற்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் ஒரு முடிவுக்கு வருகிறார். நாட்கள் கடக்கக் கடக்க இவை ஒவ்வொன்றாக அழிகின்றன.

ஜனாஸாவை விரைந்து அடக்குவது நமது மார்க்கக் கடமை. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஐயம் இருக்குமிடத்தில் சில மணிநேரம் பொறுத்துப் பரிசோதனைக்கு இடமளிப்பது மரித்தவருக்கு நாம் செய்யும் கடைசி நீதி. மூன்று வருடங்களின் பின்னர் கப்றைத் தோண்டுவதைவிட அது எவ்வளவோ மேலானது.

இனி மாவடிப்பள்ளிக்கு வருவோம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி. பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கிழக்குக் கரையை நனைத்துக்கொண்டிருந்த நாள். நிந்தவூர் மத்ரஸாவொன்றிலிருந்து சம்மாந்துறையிலுள்ள வீடுகளுக்குத் திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சில மாணவர்கள் அன்றே காப்பாற்றப்பட்டனர். ஏனையோரைத் தேடிப் படையினரும் ஊர் இளைஞர்களும் நாட்கணக்காக வெள்ளத்தில் இறங்கினர். ஆறு மாணவர்கள் ஜனாஸாக்களாகவே மீண்டனர். சாரதியும் பிழைக்கவில்லை.

இங்கே சதி என்று யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு இடமும் இல்லை. பட்டப்பகலில் பலர் பார்த்திருக்க நடந்தது. அப்படியானால் இது விபத்துத்தானே, விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நான் குறிப்பிட்ட மூன்றாவது கேள்வி இங்குதான் எழுகிறது. சதி இல்லையென்று ஆனபின்பும், தவிர்த்திருக்கக் கூடியதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கொல்லும் நோக்கமின்றி, அசட்டுத் துணிவாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவிப்பதற்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. மாவடிப்பள்ளிச் சம்பவத்திலும் மத்ரஸாத் தரப்பினர் சிலரைப் பொலிஸார் கைது செய்து நீதிமன்றில் முன்னிலைப்படுத்தினர். அவர்கள் குற்றவாளிகளா, இல்லையா என்பது நீதிமன்றத்தின் விடயம். நான் அதற்குள் போகவில்லை. பொறுப்பு அவர்களோடு நின்றுவிடுகிறதா என்பதே எனது கேள்வி.

ஓடும் நீரின் பலத்தைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஓரடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் நீர் சிறிய கார்களை மிதக்கச் செய்துவிடும் என்றும், இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும் என்றும் அமெரிக்க வானிலைச் சேவை பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. உழவு இயந்திரம் உயர்ந்த சக்கரங்களைக் கொண்டது, ஆகவே எதையும் கடக்கும் என்று நம்புகிறோம். இயந்திரத்தின் கனம் அதற்குப் பின்னால் இழுபடும் பெட்டிக்கு இல்லை. பெட்டியின் பக்கப் பலகையில் வெள்ளம் மோதும்போது அது பாய்போல விசையை வாங்குகிறது. பெட்டி விலகினால் அதனோடு பிணைந்த இயந்திரமும் விலகும். வீதியின் விளிம்பு நீருக்கடியில் தெரிவதும் இல்லை. வயலில் சேறு கடக்கும் இயந்திரம் வெள்ளத்தில் பிள்ளைகளை ஏற்றும் ஓடம் ஆகிவிடாது.

ஆகவே கேட்கவேண்டியவை இவை. அன்று அவ்வீதியை மூடும் அதிகாரம் யாரிடம் இருந்தது? பொலிஸாரிடமா, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமா, பிரதேச செயலகத்திடமா, அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமா? அந்த அதிகாரம் எத்தனை மணிக்கு, எவ்வாறு பயன்படுத்தப்பட்டது? பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் வீதியின் நிலையை யார் யாரிடம் கேட்டறிந்தனர்? மாற்றுப் போக்குவரத்து இருந்ததா? மறுநாள் 27ஆம் திகதி முதல் உயர்தரப் பரீட்சையையே அரசாங்கம் இடைநிறுத்தியது. பரீட்சை எழுதுவோருக்கு ஆபத்தாகத் தெரிந்த வானிலை, வீடு திரும்பும் சிறுவருக்கும் ஆபத்தானதே அல்லவா?

இவற்றைக் கேட்டால், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இனிப் பேசி என்ன?" என்று வாயடைக்கும் நல்லவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவ்வாறு சொல்லி ஆறுதல் அடைவது அவளது ஈமான். வீதியைக் காக்கவேண்டிய அதிகாரியும் நிறுவனத்தை நடத்துபவரும் அதே வார்த்தையின் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு விடயம். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் பாரஞ்சாட்டு என்பது குத்பாக்களில் நாமெல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம்தானே.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்த நாட்களில் கலா ஓயாவில் பயணிகள் நிறைந்த பஸ்ஸொன்று வெள்ளத்தில் சிக்கியது. பயணிகள் பெரும் பிரயத்தனத்துடன் மீட்கப்பட்டனர். அவர்கள் பிழைத்தது பெரும் பாக்கியம். ஆனால் வெள்ளம் பாயும் வீதியில் வாகனம் இறங்குவதைத் தடுக்க மாவடிப்பள்ளிக்குப் பின்னும் நாம் பழகவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் வீதிகள் எவை என்பது அந்தந்த ஊர்ச் சிறுவருக்கும் தெரியும். அவ்விடங்களில் நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுக்கம்பங்களை நடலாம். இரு புறமும் பூட்டக்கூடிய தடைக்கம்பங்களை அமைக்கலாம். எந்த அளவில் வீதி மூடப்படும், மூடுபவர் யார் என்பதை மாரி தொடங்கும் முன்னரே ஊருக்கு எழுத்தில் அறிவிக்கலாம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் ஒரு பூட்டும் போதும். அடுத்த ஐப்பசிக்குள் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் இவை இருக்கின்றனவா என்று ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் நேரில் சென்று பார்க்கவேண்டும். இல்லையெனில் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்கவேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை அந்த ஆறு பிள்ளைகளின் மரணத்தை வெறும் விபத்து என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.