பூனையின் வாந்திக்கு ஒரு எக்ஸெல் ஷீட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எதற்கெடுத்தாலும் இன்டர்நெட்டில் தேடிப் பார்ப்பார்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானும் அப்படித்தான். அந்தப் பழக்கம் என் பூனையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

முட்டுக்காட்டில் வாடகை வீடு. சிறுசேரி சிப்காட்டில் வேலை. என் பூனை மீனு வாரத்தில் மூன்று நான்கு முறை வாந்தி எடுத்தது. காரணம் புரியவில்லை. இன்டர்நெட்டில் தேடினேன். ரோமக்கட்டி, குடற்புழு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என வரிசையாக வந்து விழுந்தன. இதில் மீனுவுக்கு எது? உடம்பு சுடுவதுபோல் தோன்றவே, யாரோ எழுதியிருந்ததை நம்பிப் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துவிட்டேன். நல்லவேளை, கொடுக்கும் முன் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். "முதல்ல அதைக் கீழே போடுங்க சார்!" என்று அதட்டினார். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலைச் சரிவர முறித்து வெளியேற்ற முடியாது. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடலாம்.

மறுநாள் நேரில் போனேன். சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் வாந்தி வருகிறது? செரித்து வருகிறதா, அப்படியே வருகிறதா? எடை குறைந்ததா? மருத்துவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆபீசில் புரோகிராம் தகராறு செய்தால் முதலில் லாக் ஃபைலைத் திறக்கிறோம். வீட்டில் அந்தப் புத்தி வரவில்லை!

அன்றிரவே எக்ஸெல்லில் ஒரு ஷீட் தொடங்கினேன். தேதி, நேரம், உணவு, சாப்பிட்டு எத்தனை நிமிடம், நிறம், எடை என ஆறு பத்திகள். கன்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் இன்றைய தேதி தானாக வரும். ஷிஃப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் நேரம் வரும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே கீகள்தான்.

மூன்று வாரம் கழித்து, நிமிடப் பத்தியை டேட்டா மெனுவில் சார்ட் செய்தேன். 11 வாந்தியில் 9 சாப்பிட்ட பத்து நிமிடத்துக்குள், செரிக்காமல் வந்தவை. ஒன்பதும் நான் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து தட்டை நிரப்பிய நாட்கள்! பசியில் அவசரமாக விழுங்கியிருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். மருத்துவர் மீனுவைச் சோதித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை வைக்கச் சொன்னார். ராத்திரி வேளையை வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்கிறார். வாந்தி ஏறக்குறைய நின்றுவிட்டது.

பாக்கெட் உணவு கொடுப்பவர்கள் பேட்ச் நம்பருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2007 மார்ச்சில் அமெரிக்காவில் மெலமைன் கலந்த உணவால் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அப்போது ஒரே நிறுவனம் சுமார் 6 கோடி டின்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றது.

ஒரு எச்சரிக்கை. வாந்தியில் ரத்தம் இருந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, நூலை விழுங்கியிருந்தாலோ ஷீட் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்று ஏஐ செயலிகளும் கேட்டவுடன் பதில் சொல்கின்றன. அவையும் உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், வீட்டுக் கம்ப்யூட்டர் நல்ல கணக்குப்பிள்ளை. அதை வைத்தியர் ஆக்காதீர்கள்!