ஒரு மாதக் கணக்கு

ஒரு மாத ஊழியப் பயணமாக வெளிநாடு சென்று திரும்புவோர், எத்தனை ஊர்களில் பிரசங்கித்தோம் என்று கணக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மட்டக்களப்பில் அந்தக் கணக்குச் செல்லாது.

1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன் மறைந்தார். அவர் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கை வந்த யேசு சபைத் துறவி யூஜின் ஹெபயர், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்றினார். போர் மூண்டபோதும் ஊர் திரும்பவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் வந்தவரோடு ஏறாவூர்ப் பகுதியில் காணாமற்போனார். ஏறாவூரைக் கடந்தால் வாவிக்கரையில் தன்னாமுனை. அங்குகூட அவர் வந்து சேரவில்லை.

ஒரு மாதம் குறைவு என்பதன்று என் வாதம். ஓல்டுக்கும் காலம் குறைவுதான். பயணி போனபின் அவ்வூர் மக்களுக்கு எஞ்சுவது என்ன? அதையே கேட்கவேண்டும்.