ஒப்புதல் விதி இன்னும் கிடப்பில் கிடக்கலாமா?

2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்த மருத்துவர் நடத்தை விதிகளை, அதே மாதம் 23ஆம் தேதி நிறுத்திவைத்த முடிவை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. மருந்துகளின் பொதுப்பெயரை எழுதுவதும், மருந்து நிறுவனச் செலவில் நடக்கும் கருத்தரங்குகளுமே அன்றைய சர்ச்சை. அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் பெறச் சொல்லும் ஒப்புதல் விதியும் சேர்ந்து கிடப்புக்குப் போனது.

மீண்டும் உயிர்பெற்றது 2002ஆம் ஆண்டு விதி. அறுவைக்கு எழுத்தில் ஒப்புதல் தரவேண்டியவர் யார் என்று சொல்லும்போது, கணவனையோ மனைவியையோ அது முதலில் வைக்கிறது. நோயாளி வருவது கடைசியில்.

இதில் அதிகம் அல்லாடுவது அழகு அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பெண்கள். அவர்களுக்கு உயிர் போகிற அவசரம் எதுவுமில்லை. உட்காரவைத்து விளக்க நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் அட்மிஷன் அன்று காலையில், பணம் கட்டிய ரசீதோடு சேர்த்துப் படிவத்தை நீட்டுகிறார்கள். 'எல்லா விளைவுகளும் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. என்ன விளக்கினார்கள்?

மயக்கவியல் மருத்துவர்கள் கையாளும் அப்ஃபெல் கணக்குப்படி, பெண், புகைபிடிக்காதவர், அறுவைக்குப் பின் ஓபியாய்டு வலி மருந்து பெறுபவர் என்ற மூன்றும் சேர்ந்தாலே குமட்டல், வாந்தி வர ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு. பயணத்தில் வாந்தி வரும் பழக்கமும் இருந்தால் 80. வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்த பெண், ஒரு கையால் தையலை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் டிரேயைப் பிடித்து ஓங்கரிப்பதை நேரில் பார்த்தவர்கள் இதைச் சில்லறைத் தொந்தரவு என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்தது மாதவிடாய். அறுவை தரும் அழுத்தமும் குறைந்த சாப்பாடும் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சமிக்ஞையைக் குலைக்கும். நாள் தள்ளிப்போகலாம், முந்தியும் வரலாம். பெரும்பாலும் தானே சீராகிவிடும். ஆனால் குமட்டலைத் தடுக்கக் கொடுக்கும் அப்ரெபிடன்ட், கருத்தடை மாத்திரையின் பலனைக் கடைசி வேளைக்குப் பிறகும் 28 நாள்வரை குறைக்கக்கூடியது. தசைத்தளர்ச்சி மருந்தை முறிக்கும் சுகமாடெக்ஸ் கொடுத்திருந்தால் 7 நாள் மாற்றுப் பாதுகாப்பு வேண்டும். குமட்டலும் இருந்து நாளும் தள்ளிப்போன பெண், இது மருந்தின் வேலையா, கர்ப்பமா என்று எப்படித் தெரிந்துகொள்வாள்? தையல் பிரிக்க வரும்போது கேட்டால், 'அதெல்லாம் சரியாயிடும்மா' என்பதே பதில். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவள் இரண்டு வாரம் தூக்கம் கெட்டிருக்கமாட்டாள்.

சமீரா கோலி வழக்கில், மாதவிடாய்ப் பிரச்சினைக்குப் பரிசோதனைக்குச் சென்று மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பை, தாயின் ஒப்புதலோடு அகற்றப்பட்டது. அது செல்லாது என்றும், நோயாளிக்குப் போதிய தகவல் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. அரிதான அபாயங்களைச் சொல்ல வேண்டியதில்லை என்றதும் அதே தீர்ப்புதான். 60 சதவீதம் அரிதா?

மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் நாடு ஏமாறுவது புதிதல்ல. முன்பிருந்த இந்திய மருத்துவ மன்றத்தின் தலைவரே லஞ்சக் குற்றச்சாட்டில் கைதாகி, 2010இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் என்று பெயர்ப்பலகை மாறியது. மாறிய பிறகு, மாநில மருத்துவ மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்த நோயாளிகளை, மருத்துவர்தான் மேல்முறையீடு செய்யலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டுப்பட்டவளுக்கு அங்கே வாசலே இருக்கவில்லை!

சர்ச்சைக்குரிய விதிகளை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் விவாதிக்கட்டும். ஒப்புதல் விதியைப் பிரித்தெடுத்து உயிர்கொடுக்க ஏதேனும் ஒரு வழியை உடனே காண வேண்டும். மாதவிடாயும் கருத்தடையும் அந்தப் படிவத்தில் ஏற வேண்டும்.