நீர் போகாத மூலை



வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் வண்ண மீன்களைக் கண்டு பிள்ளைகள் அடம்பிடித்தால் எந்த வாப்பாவால்தான் மறுக்க முடியும்? தொட்டி சற்றுப் பெரியதாயின், அதன் அடியில், மேசைக்குள் மறைவாக, ஒரு வடிகட்டித் தொட்டியும் வந்து அமர்கிறது. கடைக்காரர்கள் அதனைச் 'சம்ப்' என்பர். நம் வீட்டு வாசலில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு வழங்கும் அதே பெயர்தான். சில மாதங்கள் கழிகின்றன. மோட்டார் ஓடுகிறது, நீரும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. ஒவ்வொன்றாய்ச் சாகவும் செய்கின்றன. பிள்ளைகளின் கண்ணீரைத் துடைத்துவிட்டு அடுத்த மீனை வாங்கப் புறப்படுமுன், அந்தக் கீழ்த்தொட்டியைத் திறந்து பாருங்கள்.

மீன்கள் தம் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகினாலும் அதுவே உண்டாகிறது. நிறமற்ற நஞ்சு அது. ஆகவே தெளிந்த நீரை நம்பிவிட முடியாது. வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இப்பணிக்கு அவற்றுக்கு உயிர்வளி தேவை. உயிர்வளியைச் சுமந்து வருவது ஓடும் நீர். நீர் எட்டாத மூலையில் எத்தனை வளையங்களைக் கொட்டி வைத்தாலும் அவை வெறும் கற்களே.

நீரோ எப்போதும் எளிய வழியையே நாடும். பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே விரல்நுழையும் இடைவெளி இருந்தால், பஞ்சுக்குள் ஏன் புகுந்து துன்புற வேண்டும்? இதனைக் கண்டறியக் கருவி ஏதும் வேண்டா. மின்செருகியைக் கழற்றிவிட்டுப் பஞ்சை வெளியே எடுங்கள். எங்கும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் நன்று. ஒரு பட்டை மட்டும் கறுத்து, மற்ற பகுதி புதிதுபோல் இருந்தால், நீர் அந்தப் பட்டை வழியே மட்டும் போகிறது என்று பொருள். ஏதேனும் மூலையில் கரிய சேறு தேங்கி அழுகிய முட்டை நாற்றம் வீசினால், அங்கே உயிர்வளியே இல்லை. அச்சேற்றைக் கலக்கிவிடாமல் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பலரும் எண்ணிப் பாராத காரணம் ஒன்று உண்டு: தொட்டியின் சாய்வு. 30 செ.மீ. அகலமுள்ள தடுப்புக் கண்ணாடியின் மேல் மணிக்கு 1,000 லிட்டர் நீர் வழிந்தால், அந்த நீர்ப்படலத்தின் உயரம் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே. கீழ்த்தொட்டி ஒருபுறமாக 5, 6 மி.மீ. சாய்ந்திருந்தாலும் போதும்; தாழ்ந்த ஓரத்திலேயே பெரும்பகுதி நீர் வழிந்து, மறு ஓரத்தில் குறைவாகவே வழியும். கொத்தனாரின் ரசமட்டம் இல்லாவிடினும் கவலையில்லை. தடுப்பின் மேல்விளிம்பில் நீர் எப்படி வழிகிறது என்பதே சாய்வைக் காட்டிவிடும். நீர் நிறைந்த தொட்டியை ஒருபோதும் தூக்க முயலாதீர்கள். நீரை இறைத்துவிட்டு, அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யலாம்.

அடுத்து, மேலிருந்து வரும் குழாய் நீரை ஒரே இடத்தில் கொட்டுகிறதா என்று பாருங்கள். அறையின் முழுப்பரப்பையும் மூடும் பிளாஸ்டிக் தட்டொன்றில் நெருக்கமாகத் துளைகளிட்டு மேலே வைத்தால், நீர் மழைபோல் பரவி விழும். வளையங்களைத் தரையில் கொட்டாமல், 2 அல்லது 3 செ.மீ. உயர்த்திய சல்லடைத் தட்டின்மேல் பரப்புங்கள். அடியிலும் நீர் பரவ இடம் கிடைக்கும். வலைப்பையில் கட்டிப் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பை உருண்டை, அறையோ சதுரம். நான்கு மூலையும் நீருக்கு வாசலாகிவிடும். பஞ்சை அறையின் அகலத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி அழுத்திப் பொருத்துங்கள். முதலில் பெருந்துளைப் பஞ்சு, அடுத்து நுண்பஞ்சு, இறுதியில் வளையங்கள். வரிசை மாறினால் அழுக்கெல்லாம் வளையங்களிலேயே அடையும்.

பெரிய மோட்டார் வாங்கினால் தீராதா எனச் சிலர் கேட்பர். தீராது. வழி தவறிய நீர் விரைவாக வழி தவறும், அவ்வளவே. 200 லிட்டர் நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு 800 முதல் 1,000 லிட்டர் ஓட்டம் பொதுவாகப் போதும். மோட்டார்ப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு நீரை உயரே ஏற்றாதபோது கிடைப்பது. ஒரு மீட்டர் ஏற்றினாலே குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்க.

கழுவும்போது, தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே பஞ்சை அலசுங்கள். குழாய்நீரிலுள்ள குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவுவதும் கூடாது.

மாற்றங்களைச் செய்து முடித்தபின், வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒருமுறை மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். நீரேற்றும் குழாயின் வாய் மேல்தொட்டியில் ஆழ அமிழ்ந்திருந்தால், மின்சாரம் நின்றதும் அதன் வழியே நீர் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. இறங்கினாலே 20 லிட்டர். அதற்குக் கீழே இடம் இல்லையேல் வரவேற்பறை நனையும். குழாயின் வாயை நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே இருக்குமாறு உயர்த்தி வையுங்கள்.